என்டர் தட்டினால் பழசு தப்பும்

லினக்ஸைத் தன் வசதிக்கு மாத்தி வைச்சிருக்கிறவங்களுக்கு அப்கிரேட் எண்டாலே ஒரு பயம்: கைப்பட எழுதின செட்டிங் போயிருமோ?

டெபியனை 1993இல் தொடங்கியவர் இயன் மர்டொக். அதன் டிபிகேஜி கருவியை 1994இல் இயன் ஜாக்சன் சி மொழியில் திருப்பி எழுதினார். பொதியோடு வந்த அமைப்புக் கோப்பின் எம்டி5 கைரேகையை டிபிகேஜி குறிச்சு வைக்கும். நாம மட்டும் மாத்தியிருந்தால் தொடாது. அவங்க மட்டும் மாத்தியிருந்தால் சத்தமில்லாமல் புதுசை வைக்கும். ரெண்டு பக்கமும் மாறியிருந்தால்தான் கேள்வி கேட்கும். வெறும் என்டர் தட்டினால் நம்முடையதே நிற்கும். (ரெட்ஹாட்டின் ஆர்பிஎம் கேட்கவே கேட்காது. பொதி செய்தவர் சொன்னபடி, புதுசையோ பழசையோ வேற பேரில் ஓரமா வைச்சிட்டுப் போயிரும்.)

காரைதீவில் ஓர் இரவு நான் அவசரப்பட்டு 'ஒய்' தட்டிட்டேன். தமிழ் எழுத்துருவுக்காக மாத்தியிருந்த ஃபொண்ட்ஸ்.கொன்ஃப் போச்சு. விடியும்வரை இருந்து திரும்ப எழுதினேன். பிறகுதான் கண்டேன்: அதே ஃபோல்டரில், பேருக்குப் பின்னால 'டிபிகேஜி-ஓல்ட்' எண்டு வால் ஒட்டி, பழசு சும்மா கிடந்தது.