டிஃப்ராக் காலத்துக் கணக்கு

மொழியியல் பயில்கையில் நான் ஆர். நரசிம்மனை அறிந்தது, 1981இல் வெளிவந்த ‘மாடலிங் லாங்குவேஜ் பிஹேவியர்’ என்னும் அவரது நூலின் வழியாகத்தான். சென்னையில் பிறந்த அவரே மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் டிஃப்ராக் என்ற கணினியைக் கட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் என்பது பின்னரே தெரிந்தது.

1960இல் இயங்கத் தொடங்கிய அதன் நினைவகம் 2048 சொற்கள் கொண்டது. சொல்லுக்கு 40 பிட். (கணினியாளரும் ‘சொல்’ என்றே சொல்வதில் எமக்கொரு மகிழ்ச்சி.)

சாதாரண வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு எண்ணியல் தீர்வு காண இன்று ஒரு வரிக் கட்டளை போதும். படியின் நீளத்தை மென்பொருளே கூட்டும், குறைக்கும், பிழையையும் மதிப்பிடும். டிஃப்ராக்கிலோ ருங்கே–குட்டா போன்றதொரு முறையைக் கையாள, ஒவ்வொரு பெருக்கலையும் கூட்டலையும் இயந்திர மொழியில் எழுதியாக வேண்டும். படி பெரிதானால் விடை பிறழும். மிகச் சிறிதானால் நேரம் நீளும், எண்களைச் சுருக்குவதால் நேரும் பிழைகளும் குவியும். எவ்வளவு போதும் என்று தீர்மானிப்பவர் நிரல் எழுதுபவரே. நம் கணினி வரலாறுகள் பெரும்பாலும் வால்வுகளை எண்ணுகின்றன. இந்த உழைப்பைக் கண்டுகொள்வதில்லை.

1964இல் சிடிசி 3600 வந்தபின் ஃபோர்ட்ரானில் எழுதலாயிற்று. நரசிம்மனோ அதற்குள் படங்களுக்கு இலக்கணம் வகுக்கும் ஆய்வில் இறங்கியிருந்தார்.