சூப்பர்லெஜ்ஜேரா

சூப்பர்லெஜ்ஜேரா என்பது கார்களுக்குக் கைவேலையாகப் பாடி கட்டும் முறைகளுள் ஒன்று. இத்தாலிய மொழியில் இச்சொல்லுக்கு 'மிகவும் எடை குறைந்தது' என்று பொருள். மிலான் நகரின் கரோட்சேரியா டூரிங் பட்டறை 1930களின் பிற்பாதியில் இதற்குக் காப்புரிமை பெற்றது.

பின்னணி

அக்காலத்தில் கார் நிறுவனங்கள் சேஸிஸ் எனும் அடிச்சட்டத்தையும் இன்ஜினையும் தந்தன. பாடி கட்டுவது தனிப் பட்டறைகளின் தொழிலாக இருந்தது. குதிரை வண்டி செய்தவர்களின் வழியில் மரச்சட்டத்தின்மேல் தகடு அறைந்தனர். அது கனத்தது, கரடுமுரடான சாலைகளில் மூட்டுகள் தளர்ந்தன. 1926இல் ஃபெலிச்சே பியாங்கி ஆண்டர்லோனியும் கயெட்டானோ பொன்சோனியும் தொடங்கிய டூரிங், ஷார்ல் வேமனின் முறைக்கு உரிமம் பெற்று, இலகுவான மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திய பாடிகளைக் கட்டியது. எடை குறைப்பில் அப்பட்டறையின் தேடல் அங்கிருந்து வளர்ந்தது.

கட்டும் முறை

மெல்லிய எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து, காரின் வடிவிலேயே ஒரு கூடு அமைப்பர். அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைவு ஏற்றி, கூட்டின்மேல் போர்த்தி, ஓரங்களைக் குழாயைச் சுற்றி மடிப்பர். பாரத்தைச் சேஸிஸும் கூடும் தாங்கிக்கொண்டதால் தகடு மெல்லியதாக இருக்க முடிந்தது. எஃகும் அலுமினியமும் நேரே தொட்டால் ஈரத்தில் அரிப்பு உண்டாகும். அதைத் தடுக்க இடையே துணி வைத்தனர். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கவனமே பாடியின் ஆயுளைத் தீர்மானித்தது.

புகழ்க்காலம்

1938 மில்லே மிலியா பந்தயத்தில் டூரிங் பாடி கட்டிய ஆல்ஃபா ரோமியோ 8சி 2900பி வென்றது. 1940இல் அதே பந்தயத்தை வென்ற, டூரிங் பாடி கொண்ட பிஎம்டபிள்யூ 328 கூப்பேயின் சராசரி வேகம் மணிக்கு 166.7 கிலோமீட்டர். 1948இல் டூரின் நகரக் கார் கண்காட்சியில் தோன்றிய, டூரிங் பாடி கொண்ட ஃபெராரி 166 எம்எம் பார்கெட்டா, அடுத்த ஆண்டே லெ மான் பந்தயத்தில் வாகை சூடியது. 1958இல் வெளிவந்த ஆஸ்டன் மார்ட்டின் டிபி4, உரிமத்தின்பேரில் இங்கிலாந்திலேயே இம்முறையில் கட்டப்பட்டது.

சரிவும் மீட்சியும்

பாடியே பாரம் தாங்கும் மோனோகாக் அமைப்பு பரவியதும், மேலே பாடி கட்டத் தனிச் சேஸிஸ் கிடைப்பது அருகியது. பிரஸ் இயந்திரம் நொடிகளில் அழுத்தித் தந்த தகட்டோடு சுத்தியலால் போட்டியிட முடியவில்லை. 1966இல் டூரிங் மூடப்பட்டது. 2006இல் அப்பெயர் மீண்டும் உயிர்பெற்றது. துணி நைந்து குழாய் துருவேறிய பழைய கார்களைப் புதுப்பிப்பவர்கள், தகட்டின் மடிப்பைப் பிரித்து, கூட்டைச் சீராக்கி, மறுபடி கையாலேயே மடிக்கிறார்கள். அந்த வேலைக்கு இன்றும் இயந்திரம் வரவில்லை.