இருப்புநிலை அறிவிப்பு

இருப்புநிலை அறிவிப்பு என்பது, அலுவலக அரட்டை மென்பொருட்களில் பயனர் ஒருவர் தேர்ந்தெடுத்த சக பணியாளர் இணைப்பில் வரும்போதோ வெளியேறும்போதோ அப்பயனரின் திரையில் தோன்றும் சிறு செய்தியாகும். பெயருக்கு அருகில் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் தெரியும் புள்ளி இருப்புநிலையைக் குறிக்கும்; அந்நிலை மாறும்போது எழும் செய்தியே அறிவிப்பு ஆகும். இரண்டையும் ஒன்றாகக் கருதுவது வழக்கம். ஆயினும் புள்ளியின் நிறத்தை மாற்றும் உரிமை பார்க்கப்படுபவரிடமும், அறிவிப்பை இயக்கும் உரிமை பார்ப்பவரிடமும் உள்ளன. இத்துறையின் சிக்கல்கள் பெரும்பாலும் இவ்வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

வரலாறு

1971 ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்ட் செயற்கை அறிவுத்திறன் ஆய்வகத்தில் லெஸ் எர்னஸ்ட் என்பவர் ஃபிங்கர் என்னும் நிரலை எழுதினார். கணினியில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு நேரமாகத் தட்டச்சு செய்யாமல் இருக்கிறார்கள் என்பதை அது காட்டியது. அதற்கு முன் அங்கிருந்தோர் பயனர் பட்டியலின் மீது விரலை ஓட்டித் தாம் தேடுபவரைக் கண்டறிந்தனர். பெயர்க் காரணம் அதுவே. ஃபிங்கர் கேட்டால் மட்டுமே விடை கூறும், தானாக எதையும் அறிவிக்காது.

தானாக அறிவிக்கும் முறையை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அதீனா திட்டத்தில் 1980களின் பிற்பகுதியில் உருவான செஃபிர் சேவையில் காணலாம். நண்பர்களின் பெயர்களை ஒரு கோப்பில் எழுதி வைத்தால், அவர்கள் கணினிக்குள் நுழையும்போது செய்தி வரும். இதன் சிறப்பு, பார்க்கப்படுபவருக்கு அது அளித்த உரிமையாகும். எவருக்கும் தெரியாமல் இருப்பது, தேடினால் மட்டும் தெரிவது, நுழைவும் வெளியேற்றமும் அறிவிக்கப்படுவது எனப் பல நிலைகளுள் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்கலாம். "என்னைத் தேடிப் பார், ஆனால் எனக்காக மணி அடிக்காதே" என்று சொல்ல இயன்ற இவ்வசதி, பின்னாளில் பரவலாக வழங்கிய அலுவலக மென்பொருட்கள் பலவற்றில் இல்லை.

பொதுமக்களிடையே இதனைப் பரப்பியவை 1996 இல் வெளியான ஐசிக்யூ, 1997 இல் வெளியான ஏஓஎல் இன்ஸ்டன்ட் மெசஞ்சர் ஆகியன. பின்னதில் நண்பர் வந்தால் கதவு திறக்கும் ஒலியும், சென்றால் மூடும் ஒலியும் கேட்கும். ஏஓஎல் மெசஞ்சர் 2017 இலும் ஐசிக்யூ 2024 இலும் நிறுத்தப்பட்டன.

செயற்படும் முறை

இணையப் பொறியியல் செயற்குழு 2000 ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட ஆர்எஃப்சி 2778 ஆவணம் இதற்கான பொது மாதிரியை வகுத்தது. நிலையை ஒருமுறை கேட்டுப் பெறுபவர், மாற்றம் தோறும் செய்தி வேண்டுமெனப் பதிந்து வைப்பவர் எனப் பார்ப்போரை அது இரு வகையாகப் பிரித்தது. ஜாபர் திட்டத்திலிருந்து பிறந்த எக்ஸ்எம்பிபி நெறிமுறையில் இவ்வாறு பதிய எதிர்த்தரப்பின் ஒப்புதல் தேவை. அவர் மறுத்தால் புள்ளி தெரியாது.

அலுவலக மென்பொருட்களில் நிலைமை வேறு. ஒரே நிறுவனத்தில் பணிபுரிவதே ஒப்புதலாகக் கொள்ளப்படுகிறது. 2010 இல் வெளியான மைக்ரோசாப்ட் லிங்க் இயல்பு அமைப்பில் ஊழியர்களின் நிலையை ஒருவருக்கொருவர் காட்டியது. தொடர்புப் பட்டியலில் உள்ளோருக்கு மட்டும் காட்டும் அமைப்பும் இருந்தது, ஆனால் அதனை நிர்வாகியே இயக்க முடிந்தது. நாட்காட்டியில் கூட்டம் குறிக்கப்பட்டிருந்தால் நிலை தானாக மாறியது. விசைப்பலகையும் சுட்டியும் 5 நிமிடம் அசையாதிருந்தால் செயலற்றவர் என்றும், மேலும் 5 நிமிடம் கடந்தால் வெளியே சென்றவர் என்றும் அது இயல்பாகக் காட்டியது.

அறிவிப்புகளைக் கையாளுதல்

லிங்க் மென்பொருளில் ஒருவரின் பெயர் மீது வலப்புறச் சொடுக்கிட்டு, நிலை மாற்ற அறிவிப்புக்கென அவரைக் குறித்து வைக்க முடிந்தது. 2017 இல் வெளியான மைக்ரோசாப்ட் டீம்ஸில் அமைப்புகளின் அறிவிப்புப் பகுதியில் பெயர்களைச் சேர்க்கவும் நீக்கவும் இயலும்.

குறிக்கப்படும் பெயர்கள் மிகச் சிலவாக இருத்தல் நன்று. 20 பேர் கொண்ட குழுவை முழுவதும் குறித்து, ஒவ்வொருவரின் நிலையும் நாளொன்றுக்கு 6 முறை மாறினால் 120 செய்திகள் வரும். அவற்றுள் தேவையானது ஒன்றோ இரண்டோ தான். தேடியவர் கிடைத்ததும் குறியை நீக்கிவிட வேண்டும். நீக்க மறந்தால் அறிவிப்புகள் பெருகும். அவசரமற்ற செய்தியாயின், அவர் வரும்வரை காத்திராமல் எழுதி வைத்துவிடுவது எளிது.

அறிவிப்பு வந்தது என்பதற்கு அவர் ஓய்வாக இருக்கிறார் என்று பொருளல்ல. சுட்டியைத் தொட்டார் என்பதே அதன் பொருள். போனி நார்டி முதலியோர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பணியாளர்கள் உரையாடலைத் தொடங்கும் முன் "இருக்கிறீர்களா?" எனச் சிறு செய்தி அனுப்பி நேரம் கேட்பதையும், விடையளிக்காதவர் இடத்தில் இல்லாதிருக்கலாம் எனப் பிறர் கருத இடமிருப்பதையும் சுட்டியது. துல்லியமான அறிவிப்பு இவ்விடத்தைச் சுருக்கிவிடுகிறது.

சிக்கல்கள்

அச்சிட்ட அறிக்கையை அரைமணி நேரம் படிப்பவர் வெளியே சென்றவராகக் காட்டப்படுவார். மேலாளர் தம் ஊழியரை அறிவிப்புக்குக் குறித்து வைத்தால், ஒருவரைத் தேடிப் பேச உதவிய கருவி அவரது வருகைப் பதிவேடாக மாறுகிறது. இதற்கு எதிர்வினையாகச் சுட்டியைத் தானே அசைக்கும் சிறு கருவிகள் விற்பனைக்கு வந்தன. 2024 இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை இயக்கத்தைப் போலியாகக் காட்டியதாகக் கூறிப் பத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பணிநீக்கம் செய்தது செய்தியானது.

இணைப்பில் இருந்துகொண்டே இல்லாதவராகத் தோன்றும் வசதி டீம்ஸில் 2020 இல் சேர்க்கப்பட்டது. இதனைத் தேர்ந்தெடுப்பவருக்குச் செய்திகள் தொடர்ந்து வரும். அவரைப் பார்ப்போருக்கு அவர் உண்மையில் வெளியேறியவராகவே தெரிவார்.