ஐப்பசி மழையில் பாகூர்

ஐப்பசி அடைமழையில் புதுச்சேரிக்குச் செல்பவனைச் சற்று விசித்திரமாகத்தான் பார்க்கிறார்கள். கடற்கரைச் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. இரண்டு நாள் அறைக்குள் அடைந்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் கடலூர்ச் சாலையில் தெற்கே சென்று, கன்னியக்கோயிலில் மேற்கே திரும்பிப் பாகூரை அடைந்தேன். கடலோர நகரம் ஓய்ந்திருக்கும் மாதம்தான் பாகூர் ஏரிக்குப் பருவம்.

ஐரோப்பியர் எழுதிய வரலாறுகளில் பாகூர் ஒரு போர்க்களம், அவ்வளவே. 1752இல் துய்ப்ளேக்சின் உறவினர் கெர்ழான் இங்கே லாரன்சின் ஆங்கிலப் படையிடம் தோற்றுச் சிறைப்பட்டார். அதற்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் முன்பே இவ்வூர் வேறொன்றால் அறியப்பட்டிருந்தது.

பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு, இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைச் சொல்கிறது. வேண்டியவன் வேசாலிப் பேரரையன் என்னும் சிற்றரசன். ஊரின் பெயர் அப்போது வாகூர். கொடையின் பெயர் வித்யாபோகம். வடமொழிப் பகுதி திருமாலிலிருந்து பல்லவர் வம்சத்தை இறக்கிக்கொண்டு வருகிறது. எனக்கென்னவோ அதைவிட அம்மூன்று ஊர்ப் பெயர்களே சுவையாக இருக்கின்றன: சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி. அரசன் கையெழுத்திட்டால் மட்டும் கல்விச்சாலை நடந்துவிடாது. அவ்வூர்களின் வயல்கள் விளைய வேண்டும். அதற்கு இந்த மழை பெய்ய வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் மாணாக்கர் என்ன உண்டார்களோ, செப்பேட்டில் அதற்கு இடமில்லை.

மூலநாதர் கோயில் சுவர்களில் சோழர் கல்வெட்டுகளோடு இராட்டிரகூடன் கன்னரதேவனுடையவையும் உண்டு. ஈரச் சுவரில் எழுத்துகள் சரியாகப் புலப்படவில்லை. தேநீர்க் கடையில் ஒதுங்கினேன். செப்பேட்டையோ போரையோ அங்கு யாரும் பேசவில்லை. நனைந்து உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான்: ஏரி கலங்கல் வழிகிறதா?