ஏடு உண்டு, எழுத்தாணி இல்லை: பொலனறுவை மாணிக்கவாசகரும் பாரிஸ் மைக்கூடும்

கொள்ளுப்பிட்டியிலிருந்து ஆனந்த குமாரசுவாமி மாவத்தை வழியே நடந்தால் கொழும்பு தேசிய நூதனசாலையை எட்டிவிடலாம். தெருவுக்குப் பெயர் தந்தவர் 1877 இல் கொள்ளுப்பிட்டியில் பிறந்தவர். நூதனசாலை திறக்கப்பட்டதும் அந்த ஆண்டில்தான். அங்குள்ள வெண்கலங்களைப் பற்றிக் குமாரசுவாமி 1914 இல் நூல் எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய அத்தை மகன் சேர் பொன்னம்பலம் அருணாசலம், பொலனறுவை வெண்கலங்களைச் சைவ நெறியோடு இணைத்து விளக்கினார்.

எச். சி. பி. பெல் தலைமையில் தொல்லியல் திணைக்களம் 1907, 1908 இல் பொலனறுவைச் சிவாலயங்களில் நடத்திய அகழ்வுகள் இவ்வாய்வுகளுக்கு வழி திறந்தன. பொலனறுவை தந்த வெண்கலப் படிமங்களில் சமய குரவர் நால்வரும் உள்ளனர். நால்வரும் கவிஞர்கள், ஆனால் ஏடேந்தி நிற்பவர் மாணிக்கவாசகர் ஒருவரே. இடக்கையில் சுவடி, வலக்கையில் சின்முத்திரை. எழுத்தாணி இல்லை.

இது தற்செயலா? விரல் நுனிகள் சேர்ந்திருப்பதால், அங்கிருந்த எழுத்தாணி உடைந்து தொலைந்தது என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதம் நிற்காது. தமிழகத்து மாணிக்கவாசகர் படிமங்களிலும் இதே முத்திரையைக் காண்கிறோம். அது உபதேசிக்கும் கை.

காரணத்தை மாணிக்கவாசக அடிகளின் வரலாற்றில் தேட வேண்டும். தில்லையில் அந்தணராக வந்த இறைவன், அடிகள் சொல்லச் சொல்லத் தானே திருவாசகத்தை எழுதினான் என்பது சைவ மரபு. பாடியவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர். ஆகவே ஏடு கவிஞருக்கு, எழுத்தாணி ஆண்டவனுக்கு. இவ்வரலாற்றை விரிவாகச் சொல்லும் திருவாதவூரடிகள் புராணம் பிற்காலத்தது. ஏடேந்திய படிமமோ முந்தியது. கதையின் கரு புராணத்துக்கு முன்பே வழங்கியிருக்க வேண்டும் என்று கொள்ள இது இடம் தருகிறது. மதுரையில் தீயிலும் வைகையிலும் ஏடிட்ட, நால்வருள் ஒருவரான சம்பந்தருக்குக்கூடச் சிற்பி தாளத்தையே கொடுத்தான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். யார் கையில் எதை வைப்பது என்பதில் அவனுக்குத் தெளிவு இருந்தது.

இதே வெண்கலத்தால் 19ஆம் நூற்றாண்டுப் பிரான்ஸும் எழுத்தாளரைப் போற்றியது. வோல்தேர், ரூசோ ஆகியோரின் மார்பளவு உருவங்கள் மைக்கூடுகளில் ஏறின. சிலவற்றில் தலையே மூடி. அதைத் தூக்கினால் உள்ளே மை. பாரிஸில் வார்ப்பாளர் பார்பதியென் 1838 இல் பொறியாளர் கொலாசுடன் சேர்ந்து தொடங்கிய பட்டறை, பெரிய சிலைகளைச் சிறிதாக்கும் பொறியின் உதவியால் வெண்கலப் பிரதிகளைப் பெருமளவில் வார்த்தது. அறிஞரின் முகம் நடுத்தர வர்க்கத்து மேசைக்கு வந்தது. அது மதிப்புதான், ஆனால் அங்கே கருவி முதன்மை, கவிஞர் அதன் அணி.

பொலனறுவைப் படிமம் மெழுகில் உருவானது. மெழுகு உருகி ஓடும், அச்சு உடைபடும். அந்த அச்சில் இன்னொன்று பிறக்காது. எழுதும் கருவியே இல்லாமல் எழுத்தைப் போற்றிய இந்தப் படிமத்தை, இலக்கியவாதிகளுக்கு உலோகம் செய்த மரியாதைகளுள் தலையாயது என்றே சொல்ல வேண்டும்.

மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் கொழும்புச் சிவாலயங்களில் மாணிக்கவாசகர் திருவுருவத்தின் முன் அவர் பாடல்கள் இன்றும் ஓதப்படுகின்றன. அதைக் கேட்டு வளர்ந்த கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பிள்ளைகளை ஒருமுறை பொலனறுவைப் படிமம் உள்ள நூதனசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதலில் அந்த இடக்கையைக் காட்டுங்கள்.