கொடியேற்றமும் பெண்ணின் வீடும்

ஜமாதுல் ஆகிர் மாதத் தலைப்பிறையோடு இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் கொடியேறும். தமிழ்நாட்டின் நாகூரிலும் அந்த நாட்களில்தான் கொடியேற்றம். இரண்டும் நாகூர் ஆண்டகை எனப்படும் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் நடப்பவை. கல்முனையில் இது ஏறத்தாழ 200 ஆண்டு வழக்கம். விழாவின் 12 நாளும் மணலில் கடைகள் முளைக்கும். இனிப்பும் வளையலும் விளையாட்டுச் சாமானும் விற்கும். பள்ளிக்குள் மவ்லூது ஓதப்படும். கடைசியில் கந்தூரிச் சோறு.

கூட்டத்தில் வருத்தக்காரர்களும் இருப்பார்கள். தஞ்சை மன்னர் அச்சுதப்ப நாயக்கருக்கு வந்த தீராத நோயை நாகூர் ஆண்டகை தீர்த்தார் என்கிறது மரபுக் கதை. ஊசிகள் குத்தப்பட்ட ஒரு புறாவை அரண்மனையில் கண்டெடுத்து, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பிடுங்க மன்னர் தேறினாராம். முட்டு, சீனி வருத்தம், ஊர் வைத்தியத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிடிபடாத உடல்நோவு என்று வருடக்கணக்கில் சுமப்பவர்கள் இங்கே நேர்ச்சை வைக்க அந்தக் கதையும் ஒரு காரணம். மார்க்க அடிப்படையில் கந்தூரியை ஏற்காதவர்கள் இதே ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய குரல் இப்போது வலுத்திருக்கிறது. ஆனாலும் பெண்கள், அதிலும் நோயோடு வாழும் பெண்கள், பெருநாள் கலகலப்பின் நடுவே தம் இடத்தைத் தாமே எடுத்துக்கொண்ட விழா இது. அந்த வரலாறு பதிவாக வேண்டும்.

இப்படி நோயோடு வாழும் ஒரு பெண்ணை நாயகியாக்கி, 2021இல் அமெரிக்காவில் ஜீன் மெல்ட்சர் எழுதிய ‘தி மாட்ஸா பால்’ என்ற நாவல் வெளிவந்தது. அதன் நாயகி ஒரு யூத மதகுருவின் மகள். யாருக்கும் தெரியாமல் கிறிஸ்மஸ் காதல் கதைகள் எழுதுகிறவள். ஓயாத களைப்பு நோயோடு வாழ்கிறவள். அந்த நோய் நாவலாசிரியருக்கும் உண்டு. பண்டிகைக் காதல் கதையில் நோயாளிப் பெண் நாயகியாகலாம், குணமாகாமலே காதலிக்கப்படலாம் என்பதைச் சொல்ல அந்த நாவல் துணிந்தது.

அப்படி ஒரு நாயகி கல்முனைக் கரையில் பிறந்திருந்தால் அவள் கதை எந்த வீட்டில் நடக்கும்? அவளுடைய சொந்த வீட்டில்தான். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இந்த முஸ்லிம் ஊர்களில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு சீதனமாகப் பெண்ணுக்குப் போகும். குடி என்கிற குலமும் தாய்வழியிலேயே வரும். அந்தக் குடிகளின் சார்பில்தான் பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்கார்கள் அமர்ந்தார்கள். பக்கத்திலுள்ள தமிழ் ஊர்களிலும் இந்தத் தாய்வழி முறை உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி இதை விரிவாக ஆராய்ந்தார்.

நோயாளிப் பெண்ணுக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய காவல் என்பது போதிய அளவு பேசப்படவில்லை. மாமியார் வீட்டில் படுத்துக் கிடக்கும் மருமகளின் துயரம் தமிழ்க் கதைகளில் நிறைய உண்டு. இங்கே படுத்தவளுக்குக் கஞ்சி வைப்பவர் உம்மா. பிள்ளையைத் தூக்குவது வேலிக்கு அப்பாலிருக்கும் ராத்தா. “வீட்டை விட்டுப் போ” என்று அவளிடம் யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் வீடு அவளுடையது.

காதலுக்கும் இந்த மண்ணில் குறைவில்லை. நெல் வட்டையில் நாட்கணக்கில் தங்கும் ஆணும் ஊரில் காத்திருக்கும் பெண்ணும் மச்சான், மச்சி என்று அழைத்துப் பாடும் கவிகள் தலைமுறைகளாக வாய்வழியே வந்தவை. நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் இவற்றைத் தேடித் தொகுத்தார். முறைப்பிள்ளைகளுக்குள் ஏக்கமும் கேலியும் கோபமும் அவற்றில் தாராளமாகப் புழங்குகின்றன.

சீதன வீட்டின் மறுபக்கம் கடுமையானது. மூன்று பெண்பிள்ளைகள் பிறந்தால் மூன்று வீடு. அதற்காகவே வாப்பா வயலை விற்பார், காக்கா வளைகுடா நாட்டுக்குப் போவார். வீட்டோடு கைக்கூலிப் பணமும் கேட்கப்பட்டது. பெண்ணைக் காக்கும் வீடே அவள் பிறந்த வீட்டாரின் ஆயுளைத் தின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26இல் சுனாமியாய் எழுந்த கடல் அந்த உழைப்பை ஒரு காலைப்பொழுதில் வாரிக்கொண்டு போனது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரத் தெருக்கள் அழிந்தன. உயிர்களோடு, மகள்மாருக்கென்று கட்டியிருந்த வீடுகளும் போயின. கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு முதலில் அறிவித்ததால், வீடு போனவர்களுக்கு வளவும் கைக்கு எட்டாமல் போனது. வீடில்லாமல் எப்படிக் கலியாணம் பேசுவது?

நிவாரண வீடுகள் வந்தபோது, குடும்பத் தலைவர் ஆண் என்று வைத்துக்கொண்டு ஆணின் பெயரில் உறுதி எழுதும் வழக்கமும் கூடவே வந்தது. இந்தக் கரையின் முறைக்கு அது நேர்மாறு. ஆனால் பெற்றோரில் பலர் அந்த வீடுகளையும் சீதன வீடாகவே பார்த்தார்கள். தங்களுக்குக் கிடைத்ததை மகளுக்குக் கொடுத்து அவளைக் கலியாணம் முடித்து வைத்தார்கள்.