சோகையும் சோம்பலும்

ஒரு நோய் மருத்துவ நூலில் இடம்பெறு முன்னரே மக்கள் வாயில் பெயர் பெற்றுவிடுகிறது. உடல் வெளிறி, மூச்சிரைத்து, நாலடி நடந்தாலே நெஞ்சு படபடக்கும் நிலையை நம் முன்னோர் பாண்டு என்றனர். சோகை என்றும் வழங்கினர். அதே நிலையிலிருந்த உழைப்பாளிக்கு, அவனிடம் வேலை வாங்கியோர் வேறொரு பெயர் சூட்டினர். சோம்பேறி என்பதே அப்பெயர். சோகை எவ்வாறு சோம்பல் எனப்பட்டது, அச்சோம்பல் எவ்வாறு மீண்டும் சோகையென இனங்காணப்பட்டது என்பது மருத்துவ வரலாற்றுக்கு உரிய செய்தி. உழைப்பின் வரலாற்றுக்கும் உரியது. அவ்வரலாற்றின் சில கட்டங்களை இங்கு நோக்குவோம்.

குருதியில் இரும்பு உண்டென்பது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று. 1747இல் இத்தாலியின் பொலோஞா நகரில் வின்சென்சோ மெங்கினி என்பார் குருதியை உலர்த்தி எரித்து, அதன் சாம்பரிலுள்ள துகள்களைக் காந்தம் ஈர்ப்பதைக் காட்டினார். ஆயினும் இரும்பை மருந்தாகக் கையாளும் வழக்கம் இவ்வறிவுக்கு முற்பட்டதாகும். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோமஸ் சிடென்ஹாம் இரும்புத் தூளை மதுவில் ஊறவைத்து நோயாளருக்குக் கொடுத்தார். நம் சித்த வைத்தியர்கள் அயச்செந்தூரத்தையும் அன்னபேதிச் செந்தூரத்தையும் சோகைக்கு வழங்கினர். பிரெஞ்சு மருத்துவர் பியேர் புளோ 1832இல் அறிமுகப்படுத்திய புகழ்பெற்ற மாத்திரையின் மூலப்பொருளும் நாம் அன்னபேதி என வழங்கும் இரும்புச் சல்பேற்றே.

மருந்து தெரிந்திருந்தது; காரணம் தெரியவில்லை. ஐரோப்பாவில் இளம் பெண்களைப் பீடித்த வெளிறல் நோயை 1554இல் யொஹான்னஸ் லாங்கே கன்னியரின் நோய் என வருணித்தார். அதற்கு மணவாழ்வே மருந்தென்றும் கூறினார். அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காதல் ஏக்கம், பெண்ணின் மனப்பலவீனம் எனப் பலவாறாகக் காரணம் கற்பிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே றால்ஃப் ஸ்டொக்மன் இந்தக் கற்பிதங்களை ஒதுக்கிவிட்டு, இப்பெண்கள் என்ன உண்கிறார்கள் என்று கேட்டார். 1893இல் தோலின் கீழ் இரும்பைச் செலுத்தி நோய் தீர்வதை அவர் நிறுவினார். 1895இல் அவர்களுடைய உணவை அளந்து, அதில் இரும்பு மிகச் சொற்பமே என்பதைக் காட்டினார். மாதந்தோறும் குருதி இழக்கும் உடலுக்கு, இழந்ததை ஈடுசெய்யும் உணவு கிடைக்கவில்லை. மனத்தில் தேடப்பட்ட காரணம் உணவுத் தட்டில் இருந்தது.

ஆனால் உணவு மட்டுமே காரணமாயின் விளங்காத சோகைகளும் இருந்தன. அவற்றுள் பெரிதும் பேசப்பட்டது அல்ப்ஸ் மலையின் வயிற்றுக்குள்ளே தோன்றியது.

சுவிற்சர்லாந்தின் கொதார்ட் மலையைக் குடைந்து, கோஷனென், ஐரோலோ ஆகிய ஊர்களை இணைக்கும் 15 கிலோமீற்றர் நீளமான இரயில் சுரங்கம் 1872 முதல் 1882 வரை அமைக்கப்பட்டது. ஒப்பந்தக்காரர் லூயி ஃபாவ்ர் எட்டு ஆண்டுகளில் வேலையை முடிப்பதாக உடன்பட்டிருந்தார். பிந்தினால் நாட்கணக்கில் அபராதம். அவ்வபராதத்தின் சுமை இறுதியில் எவர் தோளில் விழுந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்கு வந்தோரிற் பெரும்பாலானோர் வட இத்தாலியின் ஏழைக் கிராமத்தவர். சுரங்கத்தின் உள்ளே வெப்பம் 30 பாகைக்கு மேல், தரையெங்கும் நீர், வெடிமருந்தின் புகை வெளியேற வழியில்லை. 1875ஆம் ஆண்டு ஜூலையில் கோஷனெனில் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, அவர்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்யப்பட்டு நால்வர் உயிரிழந்தனர். விபத்துகளில் மாண்டோர் இருநூற்றுவருக்கு அணித்தாயினர். ஃபாவ்ரும் 1879இல் சுரங்கத்தினுள்ளேயே மாரடைப்பால் இறந்தார்.

விபத்துகளுக்கு அப்பால், தொழிலாளர் மெல்ல மெல்ல வெளிறினர். கால் வீங்கியது, மூச்சு முட்டியது, துளைகருவியைத் தூக்கும் வலு அற்றுப்போயிற்று. கெட்ட காற்று, வெடிப்புகை, வெயில் காணாமை, போதிய உணவின்மை என மருத்துவர்கள் ஆளுக்கொரு காரணம் கூறினர். இவை யாவும் அங்கே இருந்தன என்பதில் ஐயமில்லை; எனவே ஒவ்வொரு விளக்கமும் நம்பத்தக்கதாகவே தோன்றிற்று. 1880இல் தூரின் நகரில் இறந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரின் உடலை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தபோது சிறுகுடலில் கொளுக்கிப் புழுக்கள் திரள்திரளாகக் காணப்பட்டன. அந்நகரின் பேராசிரியர் எடோர்டோ பெரொன்சிற்றோ சுரங்கத்திலிருந்து வந்த தொழிலாளரின் மலத்தைப் பரிசோதித்து, அவர்தம் சோகைக்கு இப்புழுவே காரணமென வாதிட்டார்.

புழு புதியதன்று. மிலான் மருத்துவர் ஆஞ்ஜெலோ டுபினி 1838இல் ஒரு பெண்ணின் சடலத்தில் அதனைக் கண்டு, 1843இல் விவரித்திருந்தார். 1850களில் வில்ஹெல்ம் கிறீசிங்கர் எகிப்தில் பரவியிருந்த வெளிறல் நோயை அதனுடன் தொடர்புபடுத்தினார். எனினும் அது வெப்ப நாட்டு நோயென்றே கருதப்பட்டது. பனி மூடிய அல்ப்ஸுக்கு அது எவ்வாறு வந்தது? விடை சுரங்கத்தின் தரையிலேயே இருந்தது. பல்லாயிரம் மணிநேரம் மனிதர் உழைத்த அவ்விடத்தில் முறையான மலகூடம் இல்லை. முட்டையுடன் கூடிய மலம் வெதுவெதுப்பான ஈரத் தரையில் கலந்தது. புழுவின் குடம்பி வளர்வதற்கு வேண்டிய சூட்டையும் ஈரத்தையும் நிழலையும் குடைந்த மலையே கொடுத்தது. மலைக்கு மேலே பனி. மலைக்குள்ளே மனிதர் அமைத்த ஒரு வெப்ப மண்டலம்.

குடம்பி வாய்வழியாகவே உடலுட் புகுகிறது என நெடுங்காலம் நம்பப்பட்டது. கைரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ் தம் கையில் குடம்பிகள் நிறைந்த நீர் தற்செயலாகச் சிந்தியபோது தோல் சிவந்து அரிப்பதைக் கண்டார். சில வாரங்களின் பின் தம் மலத்திலேயே முட்டைகளைக் கண்டார். 1898இல் அவர் வெளியிட்ட இவ்வவதானம், குடம்பி தோலைத் துளைத்து நுழையும் என்ற உண்மைக்கு வழிவகுத்தது. அது குருதியோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கிறது. வெறுங்காலுடன் ஈர மண்ணில் நிற்பவனே முதல் இரையாவான் என்பது இதனால் புலனாயிற்று. செருப்பு அணிதலும் அணியாமையும் மருத்துவப் பிரச்சினையாயின.

இப்புழு செய்யும் கேட்டைக் கணக்கிட்டு நோக்குதல் தகும். வளர்ந்த மனிதனின் உடலில் ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் இரும்பு உண்டு; அதில் மூன்றில் இரண்டு பங்கு குருதியின் செந்நிறப் பொருளில் அமைந்துள்ளது. சாதாரண உணவிலிருந்து ஒரு நாளில் உடல் உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கொளுக்கிப் புழுவின் ஓரினம் நாளொன்றுக்கு 0.2 மில்லிலீற்றர் வரை குருதியை வீணாக்குகிறது. நூறு புழுக்கள் எனில் 20 மில்லிலீற்றர் குருதி. அதாவது 10 மில்லிகிராம் இரும்பு. இதில் ஒரு பகுதியைக் குடல் மீட்டும் உறிஞ்சிக்கொள்ளும் எனினும், வரவு செலவை எட்டுவதில்லை. சேமிப்பு தீர்கிறது, குருதி வெளிறுகிறது. கடனில் வாழும் ஏழைக் குடும்பத்தின் கணக்கு ஏடும் இவ்வாறே அமைந்திருக்கும்.

இனி அத்திலாந்திக்குக்கு அப்பால் செல்வோம். 1898இல் ஐக்கிய அமெரிக்கா புவேர்ட்டோ றிக்கோத் தீவைக் கைப்பற்றியது. மறு ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் பெரும் புயலொன்று தீவை அழித்தது. வீடிழந்த கோப்பித் தோட்டத் தொழிலாளர் பொன்சே நகர முகாமில் குவிந்தனர். மலைநாட்டு ஏழை பிறவியிலேயே சோம்பேறி என்பது அத்தீவின் செல்வர்தம் முடிந்த முடிபு. முகாமிற் பணியாற்றிய இராணுவ மருத்துவர் பெய்லி ஆஷ்ஃபோர்ட், பசியே சோகைக்குக் காரணமென எண்ணி முதலில் நல்லுணவு கொடுத்தார். நோய் தணியவில்லை. நவம்பரில் அவர் நோயாளரின் மலத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது கொளுக்கிப் புழுவின் முட்டைகள் தென்பட்டன. 1904இல் தொடங்கிய இயக்கத்தின் வாயிலாக இலட்சக்கணக்கானோர் மருந்து பெற்றனர். முதுகு நிமிர்ந்தது, சோம்பேறிகள் மறைந்தனர்.

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதே புழு கண்டறியப்பட்டது. 1902இல் சார்ள்ஸ் ஸ்ரைல்ஸ் இதுபற்றிப் பேசியபோது பத்திரிகைகள் அதனைச் சோம்பலின் கிருமி என நையாண்டி செய்தன. நையாண்டியிலும் ஓர் உண்மை வெளிப்பட்டது: நோயுற்ற ஏழையின் ஒழுக்கத்தையே அதுவரை குற்றங்கூறி வந்த சமூகம், தன் தவற்றைச் சிரித்து மறைக்க முயன்றது. 1909இல் றொக்பெல்லர் பத்து இலட்சம் டொலர் ஒதுக்கி இந்நோய்க்கெதிரான இயக்கத்தைத் தொடங்கினார். அவ்வியக்கம் பின்னர் எம் நாட்டையும் வந்தடைந்தது.

இலங்கைத் தோட்டங்களின் நிலையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் வெறுங்காலுடன் ஈர மண்ணில் கொழுந்து பறித்தனர். நெருக்கமான லயன்களில் வாழ்ந்தனர். மலகூட வசதியின்றித் தேயிலைச் செடிகளின் மறைவையே நாடினர். கொதார்ட் சுரங்கத்தில் மனிதர் அமைத்த நிலைமைகள், மழையும் நிழலும் மிக்க மலைச்சரிவில் மேலும் எளிதாக அமைந்தன. இந்நாட்டில் பெரிபெரி என வழங்கிய சோகையில் கொளுக்கிப் புழுவின் பங்கு அறியப்படாததன்று. அக்காலத் தலைமை மருத்துவ அதிகாரி கின்சி 1887இலேயே இதுபற்றி அறிக்கை எழுதினார். ஆனால் தோட்டங்களில் ஒழுங்கான இயக்கம் மாத்தளைப் பகுதியில் தொடங்கியது 1916இல். இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். அறிவு இருந்தது, அதனைச் செயலாக்கும் தேவை முதலாளிமாருக்கு எழவில்லை. புழு நீங்கினால் வேலைத்திறன் கூடும் என்ற கணக்கு முன்வைக்கப்பட்ட பின்னரே தோட்டக் கதவுகள் திறந்தன.

திறந்த கதவும் முழுமையாகத் திறக்கவில்லை. தைமோல், கெனொப்போடியம் எண்ணெய் போன்ற கடுமையான மருந்துகள் கொடுக்கப்பட்டுப் புழுக்கள் வெளியேற்றப்பட்டன. ஆனால் மலகூடங் கட்டுவது செலவு. மருந்து குடித்தவன் மறுநாள் அதே மண்ணில் அதே வெறுங்காலுடன் நின்றான். சில மாதங்களில் புழு மீண்டும் குடியேறிற்று. குருதிச் சோகையின் காரணம் புழு என்றால், புழுவின் காரணம் எது? இவ்வினாவை நுணுக்குக்காட்டி விடுவிக்காது. தொழிலாளியின் அறியாமையே காரணமென்று கூறுவோர் அன்றும் இருந்தனர். மலகூடமே இல்லாத இடத்தில் அதன் பயனை அறிந்து ஆவதென்ன என்று அவர்கள் சிந்திக்கவில்லை.

வேறு வழி இருந்தது என்பதற்கும் வரலாறு சான்று தருகிறது. கொதார்ட்டுக்குப் பின் 1898இல் தொடங்கி 1906இல் திறக்கப்பட்ட சிம்ப்லொன் சுரங்கம் அதனிலும் நீளமானது, அதனிலும் வெப்பமானது. ஆங்கு மலகூடமும், குளிக்கவும் உடைமாற்றவும் இடமும், காற்றோட்டமும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டன. கொளுக்கிப் புழு அங்கே பரவவில்லை. அதே மலை, அதே இத்தாலியத் தொழிலாளர், அதே புழு. மாறியது வேலை நிலைமை.

இன்று அல்பெண்டசோல், மெபெண்டசோல் போன்ற எளிய பூச்சி மருந்துகள் உண்டு. எனினும் உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, உலகில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 100க்கு ஏறத்தாழ 30 பேரும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு ஏறத்தாழ 40 பேரும் சோகையுடையோர். இவர்கள் எல்லோரிடத்தும் காரணம் ஒன்றன்று. ஒருவருக்கு உணவுக் குறை, ஒருவருக்கு மாதவிடாயின் மிகைப்போக்கு, ஒருவருக்குப் புழு, ஒருவருக்கு இரைப்பைப் புண்ணின் கசிவு, ஒருவருக்குப் பரம்பரையாக வரும் தலசீமியா. இறுதியிற் கூறியோருக்கு ஆராயாது இரும்பு கொடுத்தல் தீங்காகவும் முடியலாம். சோற்றோடு குடிக்கும் சாயத்தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பதும், தேசிக்காய்ப் புளிப்பு அதனைக் கூட்டும் என்பதும் இன்று நிறுவப்பட்டுள்ளன. உலகுக்குத் தேயிலை பறித்துக் கொடுத்தவள், பறித்ததன் சாயத்தைக் குடித்தே பசியாறினாள். அதுவும் அவள் குருதியிற் குறைவைத்தது.

ஆகவே, காரணம் தேடுதல் என்பது பல படிகளையுடையது. வெளிறலுக்குக் காரணம் இரும்புக் குறை. இரும்புக் குறைக்குக் காரணம் குருதி இழப்போ உணவுக் குறையோ. அவற்றுக்குக் காரணம் ஊதியம், குடியிருப்பு, வேலை நிலைமை. முதற்படியில் நிற்போர் மாத்திரை கொடுப்பர், அது வேண்டியதே. இறுதிப்படி வரை இறங்குவோரே நோய் திரும்பி வரும் வழியை அடைப்பர்.

வகுப்பறையில் கடைசி வாங்கில் தலைசாய்த்து உறங்கும் மாணவனை, கேள்விக்கு விடை கூறாது வெறித்து நிற்கும் மாணவியை, நம்மில் எத்தனை பேர் மந்தம் என்றும் சோம்பல் என்றும் அறிக்கைப் புத்தகத்தில் எழுதியிருப்போம்! தோட்டத் துரை லயத்து வாசலில் நின்று சொன்ன அதே சொல் அது. அதை எழுதுமுன் அப்பிள்ளையின் கீழ் இமையைச் சற்றே தாழ்த்திப் பார்ப்போம். அது வெளிறியிருந்தால் பிரம்பை வைத்துவிட்டு வைத்தியரிடம் அனுப்புவோம். பின், அப்பிள்ளையின் பாடசாலையில் மலகூடம் உண்டா, வீட்டில் காலை உணவு உண்டா என்று உரக்கக் கேட்போம்.